பத்தரை மணி நேர மரியாதை

சவெநாதாவின் இடது காலுக்கு இன்னும் இரண்டு நிமிடம்தான் இருந்தது. அகுயிலாவின் பேச்சுக்கோ இன்னும் பதினொரு மூதாதையர் இருந்தார்கள்.

"அந்தப் படகைச் செலுத்தி வந்தவரின் மூத்த மகன், அவருடைய இளைய மகன், அவர் ஆற்றைக் கடந்தபோது பிறந்த மகன்..." என்று அகுயிலா ஒவ்வொரு படியாக இறங்கி வந்துகொண்டிருந்தார். அவசரம் என்ற ஒன்று அவர் உடம்பில் எந்த மூலையிலும் இல்லை.

பாயின் நடுவில் திமிங்கிலப் பல் கிடந்தது. ஒரு சாண் நீளம், தேன் நிறம், இரு முனையையும் சேர்த்துக் கட்டிய கயிறு. சவெநாதாதான் அதைக் கொண்டுவந்து வைத்து, தன் மகன் பெனையாவுக்கு இந்த ஊர் லைசானியைப் பெண் கேட்டிருந்தார். இப்போது நடப்பது பெண் வீட்டாரின் பதில். ஊர்த் தலைவர் ரத்து எசாலா சபையில் வாய் திறப்பதில்லை. அவருக்காகப் பேசுவதற்கு அகுயிலா இருந்தார். முன்னோர் பட்டியல் முடிந்து, விருந்தாளிகளின் புகழ் முடிந்து, கடைசியில் அந்தப் பல்லைத் தலைவர் கையில் எடுத்துவிட்டால் கல்யாணம் நிச்சயம். எடுக்காமல் திருப்பித் தள்ளிவிட்டால் வந்த படகிலேயே ஏறிக்கொள்ள வேண்டியதுதான்.

ஒரே ஒரு நிபந்தனை உண்டு. பல்லை வைத்தவர் பேச்சு முடியும்வரை சம்மணம் கலையாமல் இருக்க வேண்டும். நடுவில் எழுந்துவிட்டால், கேட்காத முன்னோரை அவமதித்ததாகக் கணக்கு. பேச்சு மறுபடி முன்னோர் வந்திறங்கிய முதல் படகிலிருந்து தொடங்கும். ரேவா ஆற்று முகத்துவாரத்தில் இருக்கும் அந்த ஊரில் மழைகூட இந்த விதியை மாற்றியதில்லை.

பின்னாலிருந்து சவெநாதாவின் மனைவி உனாய்சி அவர் முதுகில் விரலால் குத்தினாள்.

"ஏங்க, இருபத்தெட்டு ஆச்சு."

"காதுல விழுது. இன்னும் பதினொரு பேர் இருக்காங்க."

"அவங்க செத்துப்போயி எரநூறு வருஷம் ஆச்சு. நீங்க இன்னும் உசுரோட இருக்கீங்க. டாக்டரம்மா சொன்னது ஞாபகம் இருக்கில்ல?"

இல்லாமல் என்ன? டாக்டரம்மா சொன்னது மட்டும்தான் மூன்று வாரமாக அவருக்கு ஞாபகத்தில் இருந்தது.

சவெநாதா சூவா சந்தையில் யங்கோனா வேர் விற்பவர். இடித்துக் கரைத்து, கிண்ணம் கிண்ணமாகக் குடித்து, நாக்கு மரத்துப்போகும் அந்த வேர்தான். முப்பது வருடமாக ஒரே கடை, ஒரே முக்காலி. வேரை மோந்து பார்த்தே எந்தத் தீவு மண் என்று சொல்லிவிடுவார். வாங்க வருகிறவன் முகத்தைப் பார்த்து எவ்வளவுக்குப் படிவான் என்றும் சொல்லிவிடுவார். அப்படிப்பட்டவர் கலிபோர்னியாவிலிருக்கும் தங்கையைப் பார்த்துவிட்டு வரும்போதுதான் மாட்டிக்கொண்டார்.

விமான நிலையத்தில் பெட்டி நிறுக்கும் பெண் எடை அதிகம் என்றாள். அதிக எடைக்குப் பணம் கேட்டாள். சவெநாதா சந்தைக்காரர். பெட்டியைத் திறந்து, பழைய துணிக் கடையில் வாங்கிய பழுப்புக் கட்டம்போட்ட கம்பளிக் கோட்டை எடுத்து மாட்டிக்கொண்டார். அதன்மேல் பித்தளைப் பொத்தான் வைத்த நீலக் கோட்டையும் மாட்டிக்கொண்டார். மைத்துனர் கொடுத்த தொப்பியைத் தலையில் வைத்தார். "இப்ப நிறுங்கம்மா" என்றார். பெட்டி இளைத்திருந்தது. ஆள்தான் பெருத்திருந்தார்.

ஜன்னலோர இருக்கை. பக்கத்தில், நடைபாதையை ஒட்டி, போர்வையைத் தலை மறைய இழுத்துக்கொண்டு ஒரு பெரிய உடம்பு. பணிப்பெண் குனிந்து, "ரத்து, ஏதாவது வேணுமா?" என்று மெல்லக் கேட்டாள். போர்வைக்குள்ளிருந்து ஒரு கை மட்டும் வந்து வேண்டாம் என்றது. சவெநாதாவுக்கு அதுவே போதும். ரத்து என்றால் தலைவர் குலம். தூங்குகிற தலைவரின் தலைக்கு மேலே எழுந்து நிற்பதா? அவர் மடியைத் தாண்டிக் காலை வைப்பதா? அவர் வம்சத்தில் எவனும் செய்யாத காரியம். எழ வேண்டிய தேவை வந்துவிடக்கூடாதே என்று தண்ணீர்கூட வாங்கிக் குடிக்கவில்லை. இரண்டு கோட்டோடு, தொப்பியோடு, முழங்கால் மடங்கியபடி, அசையாமல் பத்தரை மணி நேரம்.

இறங்கும்போது இடது பாதம் செருப்புக்குள் போக மறுத்தது. குனிந்து அதோடு மல்லுக்கட்டி நிமிர்ந்தபோது பக்கத்து இருக்கை காலி. தலைவரை முதலில் இறக்கிக் கூட்டிப்போய்விட்டார்கள்.

இரண்டு நாளில் கெண்டைக்கால் பலாக்காய் போல ஆனது. ஸ்கேன் எடுத்துப் பார்த்த டாக்டர் பிரனீதா, "ஆழத்துல இருக்கிற ரத்தக்குழாயில ரத்தம் கட்டியிருக்கு" என்றாள்.

சவெநாதா எந்தச் சரக்கையும் கேள்வி கேட்காமல் வாங்குகிறவர் இல்லை.

"ரத்தம் ஏன் டாக்டரம்மா கட்டணும்? அதும்பாட்டுக்கு ஓடிட்டுப் போகவேண்டியதுதானே?"

"கத்தி பட்டா கட்டணுமில்ல ஐயா? இல்லேன்னா நீங்க ஒரு தேங்கா உடைக்கிறதுக்குள்ள காலியாயிடுவீங்க. அது நல்ல வேலைக்காரன். கூப்பிடாத இடத்துக்கு வேலைக்கு வந்துட்டாத்தான் தொல்லை."

"என் கால்ல யாரு கூப்பிட்டது?"

"மூணு பேர்ல ஒருத்தர் கூப்பிட்டிருக்கணும். ரத்தம் ஓடாம தேங்கியிருக்கணும். இல்ல, குழாயோட உள்பக்கச் சுவர்ல அடி பட்டிருக்கணும். இல்ல, ரத்தமே சீக்கிரம் கட்டுற மாதிரி மாறியிருக்கணும். சிலருக்குப் பரம்பரையா வரும். ஆபரேஷன் ஆனவங்க, புள்ளத்தாச்சிங்க, புத்துநோய் இருக்கிறவங்க, அவங்களுக்கெல்லாம் வரலாம். வயசு, உடம்புக் கனம், சிகரெட்டு, இதெல்லாம்கூடச் சேரும். தண்ணி குடிக்காம வத்திப்போனா அதுவும் ஒரு கை குடுக்கும்."

"அப்போ தேங்கிப்போன சரக்கு. விக்காம மூட்டையிலேயே கெடந்தா வேர் கட்டிதட்டிப் போற மாதிரி."

"அதேதான். கால்லேர்ந்து ரத்தம் மேல ஏறணும்னா கெண்டைக்கால் தசை பிழிஞ்சு தள்ளணும். அதை ரெண்டாவது இதயம்னே சொல்லுவாங்க."

"கால் ரெண்டு இருக்கே? அப்ப எனக்கு மூணு இதயமா?"

"மூணையும் ஓட விடுங்க. எவ்வளவு நேரம் உக்காந்தீங்க விமானத்துல?"

"பத்தரை மணி நேரம்."

"நடுவுல எழுந்திரிக்கவே இல்லையா?"

"பக்கத்துல ஒரு தலைவர் தூங்கிட்டிருந்தாரும்மா."

டாக்டர் பிரனீதா பேனாவைக் கீழே வைத்தாள். அவளும் இந்தத் தீவில் பிறந்து வளர்ந்தவள்தான். "எத்தனையோ காரணத்தால கட்டி வந்து பாத்திருக்கேன். மரியாதையால வந்ததை இப்பதான் பாக்குறேன்" என்றாள்.

"இந்த மாத்திரை கட்டியைக் கரைச்சுடுமா?"

"கரைக்காது. புதுசா சேரவிடாது. இருக்கிறதை உடம்பே மெல்லக் கரைச்சுக்கும். அதுவரைக்கும் அரை மணிக்கு ஒரு தரம் எழுந்து நடங்க. சம்மணம் போடாதீங்க. தண்ணி நல்லாக் குடிங்க. அடி படாமப் பாத்துக்கோங்க. இந்த மாத்திரையில சின்ன அடியும் பெருசாக் கறுக்கும். கட்டி உடைஞ்சு நுரையீரலுக்குப் போயிட்டா உசுருக்கே ஆபத்து. திடீர்னு மூச்சு முட்டினாலோ நெஞ்சு வலிச்சாலோ ஒரு நிமிஷம் நிக்காம இங்க வந்துடணும்."

இதையெல்லாம் பெண் வீட்டில் சொல்லிவிட்டு ஒரு நாற்காலி கேட்டிருக்கலாமே என்று தோன்றும். கேட்க முடியாது. தலைவரிடம் மரியாதை தவறியவனுக்கு உடம்பு வீங்கும் என்பது அந்த ஆற்றங்கரை முழுக்க எல்லோருக்கும் தெரிந்த சங்கதி. வீங்கிய காலைக் கண்டால் முதல் கேள்வி, "எந்தத் தலைவரை அவமதிச்சே?" என்பதாகத்தான் இருக்கும். அப்படிப்பட்ட வீட்டுக்கு எவன் பெண் கொடுப்பான்? அதனால்தான் சவெநாதா இறுக்கமான மருத்துவக் காலுறையை மாட்டி, அதை மறைக்க இடுப்பில் கட்டிய சுலுவைக் கணுக்கால்வரை இறக்கிவிட்டு வந்திருந்தார்.

"முப்பது" என்றாள் உனாய்சி.

எழாமலே நடப்பதற்கு ஒரு வழி சவெநாதாவுக்குத் தோன்றியது. கெண்டைக்கால்தானே பிழிய வேண்டும்? சுலுவுக்குள்ளேயே இடது பாதத்தை மேலும் கீழும் ஆட்டத் தொடங்கினார். மேலே, கீழே. மேலே, கீழே. பாய் சரசரத்தது. சுலுவின் ஓரம் குபுக் குபுக்கென்று எழும்பியது.

அந்த ஊர் சதுப்பு நண்டுக்குப் பெயர்போனது. பக்கத்தில் உட்கார்ந்திருந்த லைசானியின் அத்தை கெலேரா அந்தக் குபுக்கைப் பார்த்தாள். வெளியே சொன்னால் சபை கலையும். அவள் பொறுப்பான பெண்மணி. சத்தமில்லாமல் தென்னந்துடைப்பத்தின் அடிக்கட்டையைத் திருப்பிப் பிடித்தாள்.

"அய்யோ!" என்று சவெநாதா எழுந்தேவிட்டார்.

"அசையாதீங்க, நண்டு!" என்று கத்தினாள் கெலேரா.

"எங்க?"

"உங்க வேட்டிக்குள்ள!"

"அது என் காலும்மா!"

அகுயிலா நிறுத்தினார். மிச்சமிருந்தது ஆறே முன்னோர். நிற்கிற சவெநாதாவை மேலிருந்து கீழ்வரை ஒரு பார்வை பார்த்தார். "எழுந்துட்டீங்க" என்றார். அவ்வளவுதான். எல்லாம் மறுபடி முதல் படகுக்குப் போய்விட்டது.

தலைவர் ரத்து எசாலாவோ, மடிமேல் மரப்பட்டைத் துணியைப் பாதம்வரை போர்த்திக்கொண்டு, மலைபோல் உட்கார்ந்து, நின்றுகொண்டிருந்த சவெநாதாவையே கண் கொட்டாமல் பார்த்தார். அதைக் கோபம் என்பதா, வேறு ஏதாவதா என்று சவெநாதாவால் படிக்க முடியவில்லை. முப்பது வருடத்தில் அவரால் படிக்க முடியாத முதல் முகம் அது.

எழுந்தது எழுந்தாயிற்று. "படகுக் கயிறு அவுந்துடுச்சோன்னு பாத்துட்டு வந்துடறேன்" என்று சொல்லி, உடம்பை இரண்டாக மடித்து, "துலோ, துலோ" என்று மன்னிப்பு முணுமுணுத்துக்கொண்டே வெளியே வந்தார். ஈரப்பலா மரத்தைச் சுற்றிச் சுற்றி நடந்தார். உனாய்சி பின்னாலேயே ஓடி வந்தாள்.

"அடி எங்க பட்டுது?"

"கணுக்கால்ல. ஏற்கெனவே தேக்கம். இப்ப சுவர்லயும் அடி. மூணுல ரெண்டு ஆச்சு."

"கெண்டைக்காலை விடுங்க. மானம் போகுது. வெறுங்கையோட உள்ள போனீங்கன்னா வேணும்னே எழுந்ததாத்தான் நினைப்பாங்க. படகுல வேர்க்கட்டு இருக்கில்ல, அதைத் தூக்கிட்டுப் போங்க. பரிசு எடுத்துவரப் போனதா ஆயிடும்."

உனாய்சி சந்தையில் பிறக்கவில்லை. ஆனால் சந்தைக்காரனோடு இருபத்தாறு வருடம் குடித்தனம் செய்தவள்.

யோசனை நன்றாகத்தான் இருந்தது. ஆளுயர வேர்க்கட்டைக் கண்டதும் சபை கைதட்டியது. அகுயிலா முகம் மலர்ந்தது. மலர்ந்த முகத்தோடு, "இந்தக் கொடைக்கு நன்றி சொல்லாமல் தொடங்க முடியாது" என்று நன்றியையே பத்து நிமிடம் சொல்லிவிட்டு, பிறகு படகுக்குப் போனார். நாற்பது நிமிடப் பேச்சு ஐம்பதாயிற்று. காலின் தவணையோ அதே முப்பதுதான்.

இந்த முறை சவெநாதா மூன்றாவது காரணத்தையாவது அண்டவிடக்கூடாது என்று முடிவு செய்தார். தண்ணீர் குடித்து இரத்தத்தை இளக்கமாக வைத்துக்கொள்வது. யங்கோனாக் கிண்ணம் வந்தபோது உதட்டை மட்டும் நனைத்துவிட்டு, இளநீர் கேட்டார். ஒன்று. பிறகு இன்னொன்று. பிறகு மூன்றாவது.

"சந்தைக்காரருக்கு நம்ம இளநி பிடிச்சிருக்கு" என்று கெலேரா பெருமையாக நான்காவதைச் சீவினாள். நண்டு விஷயத்துக்குப் பரிகாரம் செய்கிறாளாம். மறுக்க முடியுமா?

குடிக்கும்போது தலைவரின் கிண்ணம் கண்ணில் பட்டது. தலைவருக்கு மட்டும் தனிக் கூஜாவிலிருந்து ஊற்றினார்கள். வேர் வியாபாரியின் கண் நிறத்தை எடைபோட்டது. கலங்கலே இல்லை. பச்சைத் தண்ணீர் போல இருந்தது. தலைவர்களுக்கென்று ஏதோ உயர்ந்த வடிகட்டல் போலிருக்கிறது, ரகசியத்தைக் கேட்டு வைத்துக்கொள்ள வேண்டும் என்று நினைத்துக்கொண்டார்.

நினைத்து முடிப்பதற்குள் நான்கு இளநீரும் ஒன்றாகக் கதவைத் தட்டின. இருபத்திரண்டாவது நிமிடம். முப்பதுகூட ஆகவில்லை.

"ஏங்க, இன்னும் எட்டு நிமிஷம் இருக்கே!"

"இது வேற கணக்கு" என்று எழுந்தார் சவெநாதா.

முன்னோரின் படகு மறுபடி ஆற்று முகத்துவாரத்துக்குத் திரும்பியது.

வாசலில் தலைவரின் தம்பி மகள் வாசெமாதா விசிறியோடு வந்து மறித்தாள். தலைவருக்குப் பின்னால் உட்கார்ந்து விசிறுவது அவள்தான். சவெநாதா எழுந்த ஒவ்வொரு முறையும் தலைவர் அவள் காதில் ஏதோ சொன்னதை அவர் பார்த்திருந்தார்.

"பெரியப்பா ஒண்ணு கேக்கச் சொன்னாரு."

"சொல்லும்மா."

"நீங்க சரியா எத்தனை நிமிஷத்துக்கு ஒரு தரம் எழுந்து போறீங்கன்னு."

சவெநாதாவுக்கு உறைத்தது. எண்ணிக்கொண்டிருக்கிறாரே! "வேணும்னு செய்யலம்மா. அரை மணிக்கு ஒரு தரம்... அப்படி ஒரு பழக்கம்."

"அரை மணி" என்று வாசெமாதா மனப்பாடம் செய்வதுபோலச் சொல்லிக்கொண்டு உள்ளே போனாள்.

காரியத்தை முடித்துவிட்டு மரத்தைச் சுற்றும்போது, தொண்டையை நனைக்க வெளியே வந்திருந்த அகுயிலா அகப்பட்டார். சவெநாதாவின் கண்ணுக்கு அவர் இப்போது முன்னோர் மொத்தத்தையும் கையில் வைத்திருக்கும் ஒரே வியாபாரியாகத் தெரிந்தார்.

"அண்ணே, ஒரு வார்த்தை. மொத்தம் எத்தனை முன்னோரு?"

"இருபத்தி நாலு."

"எல்லாரும் அவசியமா? முக்கியமானவங்க ஒரு பன்னெண்டு பேரை மட்டும் சொன்னா?"

அகுயிலா இளநீரைக் கீழே வைத்தார். "என்ன சொன்னே?"

"சரி, பதினாறு. பதினாறுல முடிச்சுடுங்க. நடுவுல நாலஞ்சு பேரு சும்மா மீன் பிடிச்சுட்டுப் போனவங்கதானே? அவங்க கோவிச்சுக்க மாட்டாங்க."

"எங்க முன்னோரைத் தள்ளுபடியில கேக்குறியா நீ?"

"பதினெட்டு! கடைசி வார்த்தை. உங்களுக்கும் வேணாம், எனக்கும் வேணாம்."

"உனக்காக" என்று அகுயிலா விரலை நீட்டினார், "இதுவரைக்கும் எந்தச் சபையிலயும் சொல்லாத தாய்வழி முன்னோர் பதினேழு பேரையும் இப்ப சேர்த்துச் சொல்லப்போறேன்."

சவெநாதாவின் வாழ்க்கையில் பேரம் பேசிச் சரக்கு கூடியது அதுதான் முதல் தடவை.

படகிலிருந்த பாய்ச்சுருளைத் தூக்கிக்கொண்டு உள்ளே போனார். அதற்கும் பத்து நிமிட நன்றி வந்து சேர்ந்தது. தந்தைவழி இருபத்து நான்கு, தாய்வழி பதினேழு, இரண்டு நன்றி. சவெநாதா மனக்கணக்குப் போட்டுப் பார்த்தார். ஒன்றரை மணி நேரம். முப்பது நிமிடக் காலை வைத்துக்கொண்டு ஒன்றரை மணி நேரப் பேச்சைக் கடக்கிற வழி எந்தச் சந்தையிலும் கிடையாது.

வலி தாங்காமல் மரத்தடியிலேயே காலுறையைக் கழற்றிவிட்டு வந்திருந்த கணுக்காலில், துடைப்பம் பட்ட இடம் கறுத்து, கத்தரிக்காய் நிறத்தில் பாதத்துக்கு இறங்கிக்கொண்டிருந்தது. அறைக்கு எதிர்ப்பக்கம் பெனையா தலையைத் தொங்கப்போட்டிருந்தான். லைசானி பெண்களுக்கு நடுவிலிருந்து அவனைப் பார்த்தாள், பிறகு பல்லைப் பார்த்தாள், பிறகு சவெநாதாவைப் பார்த்தாள். நாலு வருடமாகக் காத்திருக்கிற பெண். மாமா, தயவுசெய்து கொஞ்சம் உட்காருங்கள் என்று அந்தக் கண் கெஞ்சியது.

சவெநாதா உட்கார்ந்தார். பல்லைக் கடித்துக்கொண்டு உட்கார்ந்தார். இருபத்தைந்து. இருபத்தெட்டு. முப்பது. முப்பத்தொன்று.

"ஏங்க" என்றாள் உனாய்சி. "பையனுக்கு வேற பொண்ணு பாத்துக்கலாம். எனக்கு வேற புருஷன் பாக்க முடியாது. எழுந்திருங்க."

எழுந்தார்.

படகில் இனி கொடுப்பதற்கு ஒன்றுமில்லை. பெட்ரோல் கேன் ஒன்று இருந்தது. அதைக் கொடுத்தால் வீடு போய்ச்சேர முடியாது. பாய் நனையாமலிருக்க உனாய்சி மேலே போட்டு மூடிக்கொண்டு வந்த அந்த இரண்டு அமெரிக்கக் கோட்டுகளும் கிடந்தன. வேறு வழியில்லை. உதறி, தோளில் போட்டுக்கொண்டு வந்தார்.

"போட்ட துணியையா தலைவருக்குக் குடுக்கப்போறீங்க?" என்று உனாய்சி தலையில் அடித்துக்கொண்டாள். ஆனால் அதற்குள் அவர் உள்ளே போய்விட்டார்.

குனிந்து, பழுப்புக் கட்டக் கோட்டையும் பித்தளைப் பொத்தான் கோட்டையும் தலைவர் முன்னால் விரித்து வைத்தார். இந்த முறை யாரும் கைதட்டவில்லை. குனிந்த குனியில் சுலு முழங்கால்வரை ஏறிக்கொண்டதை அவர் கவனிக்கவும் இல்லை.

கெலேராதான் முதலில் பார்த்தாள். "கால்! கால் வீங்கியிருக்கு! கறுத்தும் போயிருக்கு!"

சபையில் ஒரு காற்று ஓடியது. அகுயிலா மறுபடி முதல் படகைத் தொடங்கத் திறந்த வாயோடு அப்படியே நின்றார். ஊரே கேட்க நினைத்ததை அவர் கேட்டார்.

"எந்தத் தலைவரை அவமதிச்சே?"

"அவமதிக்கல அண்ணே, சத்தியமா! மரியாதை குடுத்ததாலதான் வந்தது. ரத்தம் தேங்கிக் கட்டிப்போச்சு. நான் விமானத்துல..." என்று சவெநாதா திக்கினார். மரியாதையால் கால் வீங்கும் என்றால் அந்த ஊரில் எவன் நம்புவான்? சொல்ல ஆரம்பித்தபோதே அவருக்கே அது பொய்போலத்தான் கேட்டது. பெனையா கண்ணை மூடிக்கொண்டான்.

தலைவர் ரத்து எசாலா அவர் பேச்சைக் கேட்டதாகவே தெரியவில்லை. முன்னால் கிடந்த கோட்டுகளைப் பார்த்துக்கொண்டிருந்தார். ஒரு பித்தளைப் பொத்தானை விரலால் திருப்பிப் பார்த்தார். கட்டம்போட்ட கம்பளியைத் தடவினார். பிறகு தலையைத் தூக்கி, சவெநாதாவின் தலைக்கு மேலே, தொப்பி இருக்க வேண்டிய இடத்தை வெகுநேரம் பார்த்தார்.

பிறகு கையை நீட்டித் திமிங்கிலப் பல்லை எடுத்துக்கொண்டார்.

"தலைவரே!" என்று அகுயிலா பதறினார். "இன்னும் நாப்பத்தோரு பேர் இருக்காங்க!"

அந்தச் சபையில் முதல் தடவையாக ரத்து எசாலாவின் சொந்தக் குரல் கேட்டது.

"அவங்க எங்கயும் போயிடப்போறதில்ல. உக்காந்திருக்கட்டும்."

சொல்லிவிட்டு, ஒரு கையில் பல்லோடு, மறு கையைச் சவெநாதாவின் தோளில் ஊன்றி, முனகிக்கொண்டே எழுந்து நின்றார். தலைவர் நின்றதும் சபை மொத்தமும் தரையோடு தரையாகப் பதுங்கியது. "வாங்க சம்பந்தி, நடப்போம்" என்றார். இரண்டு பேரும் தாங்கித் தாங்கி வெளியே போனார்கள். ஈரப்பலா மரத்தைச் சுற்ற ஆரம்பித்தார்கள். ஒருவருக்கு இடது கால் இழுத்தது. மற்றவருக்கு வலது கால் இழுத்தது.

லைசானி அழுதாளா சிரித்தாளா என்று தெரியவில்லை. உனாய்சி வாசெமாதாவின் விசிறியைப் பிடித்து நிறுத்தினாள்.

"என்னம்மா நடக்குது இங்க? உங்க தலைவருக்கு என்ன ஆச்சு?"

"என்னத்தச் சொல்ல அக்கா, மூணு வாரம் முந்தி விமானத்துல, ரெண்டு கோட்டு போட்டு, தொப்பி வெச்சு, அசையாம ஜன்னலோரம் உக்காந்திருந்த ஒரு ரொம்பப் பெரிய மனுஷனுக்கு முன்னால தான் எழுந்திரிக்கக் கூடாதுன்னு, பெரியப்பா பத்தரை மணி நேரம் போர்வைக்குள்ள தூங்குற மாதிரி நடிச்சுட்டு வந்து சேந்தாரு!"